அதிகம் நடக்க முடியாத அக்காவோடு இலையுதிர்காலக் கப்பல் பயணம் போகலாமா?

நீங்கள் கேட்டது இது. அக்காவுக்கு 63 வயது, முடக்குவாதம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாற்பது ஐம்பது அடி நடப்பார், அப்புறம் உட்கார்ந்தே ஆக வேண்டும். படி ஏறுவது பெரும்பாடு. சக்கர நாற்காலி என்றாலே முகம் சுருங்கிவிடுகிறது. அக்டோபரில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அமெரிக்காவின் பாஸ்டனுக்கும் கனடாவின் கியூபெக்குக்கும் நடுவே பத்து நாள் கடல் பயணம் நல்லதா, ரைன் நதியில் ஒரு வாரம் நல்லதா, அதற்கெல்லாம் முன்னால், இவரை அழைத்துக்கொண்டு போகவே முடியுமா?

போகலாம், தாராளமாகப் போகலாம். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் சரியாகத் தூக்க வராமல் போன பிறகு நாங்கள் நான்கு முறை கப்பலில் போயிருக்கிறோம். அதில் இரண்டு நீங்கள் சொல்லும் அதே பாஸ்டன்–கியூபெக் வழி. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கப்பலில் ஆளை நிறுத்துவது தூரம் இல்லை, வாசல்படிதான். குளியலறை நிலைப்படி, பால்கனி நிலைப்படி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடுகிற கேங்வே, சுற்றுலா பஸ்ஸின் முதல் படி என்று மொத்தம் நான்கைந்து இடங்கள்தான். அவற்றைப் பற்றி முன்கூட்டியே எண்ணாகக் கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டால், மற்றதைக் கப்பலில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ரைனை முடித்துவிடுகிறேன். ஆற்றில் அலை இல்லை, கப்பலும் சின்னது, அதனால் சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அது தலைகீழ். ஆற்றுக் கப்பல்கள் பாலங்களுக்கு அடியிலும் மதகுகளுக்கு நடுவிலும் நுழைந்து போக வேண்டியவை என்பதால் தாழ்வாக, ஒடுக்கமாகக் கட்டியிருப்பார்கள். பல கப்பல்களில் லிஃப்ட் ஓரிரு தளங்களுக்குத்தான் போகும், திறந்த மேல்தளத்துக்குப் படிதான் வழி. துறையில் இடம் போதாதபோது இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்த கப்பலுக்குள் நுழைந்து, சில சமயம் அதன் மேல்தளத்துக்கே ஏறி இறங்கி, மறுபக்கம் வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகு கரையில் படித்துறை.

இலையுதிர்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோடையின் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் ரைனில் தண்ணீர் அடிக்கடி இறங்கிவிடும். 2018 அக்டோபரில் காவ்ப் என்ற இடத்து அளவுகோல் 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. (அது ஆற்றின் முழு ஆழம் அல்ல, அந்த அளவுகோலின் கணக்கு. ஆனாலும் கப்பல்காரர்கள் கண்ணை அதில்தான் வைத்திருப்பார்கள்.) தண்ணீர் அப்படிக் குறையும்போது பயணிகளைப் பெட்டியோடு இறக்கி, பஸ்ஸில் கொண்டுபோய், ஆழமான பகுதியில் நிற்கும் வேறு கப்பலில் ஏற்றுவது வழக்கம். நடக்கிறவர்களுக்கு அது ஒரு நாள் அலுப்பு. உங்கள் அக்காவுக்காக நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிடித்த கேபின் அன்றோடு போய்விடும். ஆகவே கடல் பயணத்தையே எடுங்கள், அதுவும் பெரிய, கொஞ்சம் புதிய கப்பலாக.

இனி கேபின். இங்கேதான் நான் ஏமாந்தேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். முதல் பயணத்தில் முன்பதிவு செய்துகொடுத்தவர் “அக்ஸசிபிள் கேபின்தான்” என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கதவு அகலமாக இருந்தது, கழிவறை பக்கத்தில் பிடிமானக் கம்பியும் இருந்தது. ஆனால் குளியலறை வாசலில் ஒரு நிலைப்படி, என் உள்ளங்கை அகல உயரத்துக்கு. வலது காலை வைத்து அவர் ஏறிவிடுவார். இடது கால் பின்னால் வரும்போது செருப்பு நுனி அந்த விளிம்பில் தட்டி நின்றுவிடும். நான் குனிந்து கணுக்காலைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்ப மனமில்லாமல் அவர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார் என்பது ஐந்தாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் அழுதேன்.

பிறகுதான் புரிந்துகொண்டேன், “அக்ஸசிபிள்” என்ற ஒரே சொல்லுக்குள் பல வகை இருக்கிறது. ஒரு வகை, சக்கர நாற்காலியிலேயே வாழ்கிறவர்களுக்கானது. நாற்காலியைத் திருப்ப 1.5 மீட்டர் விட்டத்துக்கு இடம் இருக்கும், நிலைப்படியே இல்லாமல் நாற்காலியோடு உள்ளே போகக்கூடிய ஷவர் இருக்கும், சுவரில் மடக்கும் இருக்கை இருக்கும். இன்னொரு வகை, கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் நாற்காலி போகக்கூடியது. மூன்றாவது வகை, கம்பிகள் மட்டும் கூடுதலாக வைத்த சாதாரண கேபின், அதாவது கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்கு. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அக்கா கொஞ்சம் நடப்பார் என்பதால் உங்களுக்கு மூன்றாவது வகையைக் காட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், முதல் வகையைக் கேளுங்கள். முடக்குவாதம் ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது என்று உங்களுக்கே தெரியும். நன்றாக இருக்கும் நாளை வைத்துக் கேபின் எடுக்கக் கூடாது, மோசமான நாளை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எழுத்தில் கேட்க வேண்டியவை இவை: கேபின் கதவின் உள் அகலம் எத்தனை சென்டிமீட்டர், குளியலறை நிலைப்படியின் உயரம் எவ்வளவு, ஷவரில் இருக்கை நிலையாகப் பொருத்தியதா அல்லது கேட்டால் தரும் ஸ்டூலா, கழிவறைப் பீடத்தின் உயரம் எவ்வளவு, கட்டிலின் உயரம் எவ்வளவு, பால்கனி நிலைக்குச் சாய்தளம் போட்டுத் தருவார்களா. எதற்குச் சென்டிமீட்டர் என்றால், சாதாரண கேபின் கதவு பல கப்பல்களில் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பெரியவர்களுக்கான வழக்கமான சக்கர நாற்காலி வெளி அகலம் 65 சென்டிமீட்டர் வரை வரும். விரித்தபடி உள்ளே போகாது. வெளியே தாழ்வாரத்தில் விட்டுவைக்கவும் முடியாது. தீ விபத்து நேரத்தில் வழி அடைபடும் என்பதால் நாற்காலி, ஸ்கூட்டர் எல்லாம் கேபினுக்குள்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். அது சரியான விதிதான்.

அக்காவின் கையையும் நினைத்துப் பாருங்கள். கப்பல் கேபின் கதவுகள் தீத்தடுப்புக் கதவுகள். கனமாக இருக்கும், விட்டவுடன் தானாகவே மூடிக்கொள்ளும். விரல் மூட்டு வீங்கியிருக்கும் ஒருவர், ஒரு கையில் வாக்கரை வைத்துக்கொண்டு அதைத் தள்ளித் திறப்பது பெரிய வேலை. பொத்தானை அழுத்தினால் திறக்கும் கதவு சில கப்பல்களில், முழு வசதி கேபின்களில் மட்டும் இருக்கும். இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், உங்களை எதிர்பார்க்காமல் அவர் தானாக வெளியே போய்வர முடியும். நீங்கள் தூங்கும்போது தனியாக லிஃப்டில் ஏறி மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு வர முடிந்தால் அவருக்கு அந்தப் பயணமே வேறாக இருக்கும்.

இடம் என்று பார்த்தால் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளங்களில் ஒன்று, லிஃப்டுக்குப் பக்கம். ஆட்டம் அங்கேதான் குறைவு. பக்கவாட்டு உருட்டலைக் குறைக்கக் கப்பலில் ஸ்டெபிலைசர் துடுப்புகள் உண்டு. ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவை தடுக்காது, அது முனைகளில்தான் அதிகம் தெரியும். பெரிய கப்பல் 300 மீட்டர் நீளம் இருக்கும். கோடியில் கேபின் கிடைத்தால் லிஃப்ட் வரை போவதற்குள்ளேயே அக்காவின் ஐம்பது அடி தீர்ந்துவிடும். தள வரைபடம் எல்லா நிறுவனமும் வெளியிடுகிறது, அதை அச்செடுத்து, கேபின் கதவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை கதவு என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆயிரம் கேபினுக்கு மேல் உள்ள கப்பலிலும் இப்படிப்பட்டவை சில டஜன்தான் இருக்கும். ஒரு வருடம் முன்னாலேயே போய்விடும். பதிவு செய்த உடனே சிறப்புத் தேவைகளுக்கான படிவத்தையும் நிரப்பி அனுப்பிவிடுங்கள். இவற்றையெல்லாம் கேட்கத் தயங்க வேண்டாம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலானாலும் அமெரிக்கக் கடற்பகுதியில் அமெரிக்காவின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லியிருக்கிறது. கப்பலின் பாதுகாப்பைப் பாதிக்கும் மாற்றங்களை மட்டும் கட்டாயப்படுத்த முடியாது. ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்தில் ஏறுவதாக இருந்தால், 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டால் துறைமுகத்தில் உதவி இலவசமாகத் தர வேண்டும் என்று அங்கே விதி உண்டு.

சரி, சக்கர நாற்காலி. என் வீட்டுக்காரரும் இதே போலத்தான் மறுத்தார். “அதில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மாட்டேன்” என்றார். முதல் பயணத்தில் நாற்காலி இல்லாமல் போனோம். துறைமுக முனையத்தில் வரிசை, பாதுகாப்புச் சோதனை, நீளமான சாய்தளம் எல்லாம் தாண்டிக் கப்பலுக்குள் கால் வைக்கும்போதே அவருக்கு அன்றைய சக்தி முழுவதும் தீர்ந்திருந்தது. முதல் இரண்டு நாள் கட்டிலில்தான் கிடந்தார். அடுத்த முறை அவரே ஒரு ஏற்பாடு சொன்னார்: நடக்கத் தகுந்த இடத்தில் நடப்பேன், வெறுமனே கடக்க வேண்டிய இடத்தில் உட்காருவேன். முனையம், கேங்வே, நீண்ட தாழ்வாரம் எல்லாம் கடக்க வேண்டிய இடம். கடற்கரைப் பலகைப் பாதை, பூங்கா, கப்பலின் மேல்தளம் எல்லாம் நடக்கத் தகுந்த இடம். அக்காவிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள். சேமித்த ஐம்பது அடியை இலைகளுக்கு நடுவே செலவு செய்யலாம் என்று. முடிவை அவரே எடுக்கட்டும். நீங்கள் ரகசியமாக நாற்காலிக்குப் பதிவு செய்துவிட்டுத் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த வருத்தம் பத்து நாளும் கூடவே வரும்.

நாற்காலி சொந்தமாக இருக்கட்டும். கப்பலில் இரவல் தருவது பெரும்பாலும் ஏறும் நாளுக்கும் இறங்கும் நாளுக்கும் மட்டும்தான், கரைக்கு எடுத்துப் போக விடமாட்டார்கள். நான்கும் சின்னச் சக்கரமாக இருக்கும் மடிப்பு நாற்காலி இலேசாக இருக்கும், ஆனால் கற்பாதையிலும் கேங்வேயின் குறுக்குப் பட்டைகளிலும் மாட்டிக்கொள்ளும். பின்சக்கரம் பெரிதாக உள்ளதே நல்லது. இருக்கை வைத்த வாக்கர் கொண்டு போகிறீர்கள் என்றால் ஒன்று கவனம்: அதில் அக்காவை உட்கார வைத்துத் தள்ளாதீர்கள். நின்ற இடத்தில் உட்காரத்தான் அது செய்யப்பட்டது, தள்ளினால் கவிழும். மின்கல நாற்காலி அல்லது ஸ்கூட்டர் என்றால் விமானத்தில் விதி வேறு. கழற்றக்கூடிய லித்தியம் மின்கலம் ஒன்று 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. அதையும் கழற்றிக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக வேண்டும்.

இப்போது கேங்வே. இந்த வழித்தடத்தில் இதைப் பற்றி யாரும் சொல்லாமல் விடுகிற விஷயம் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது. செயின்ட் ஜான் துறைமுகம் ஃபண்டி விரிகுடாவின் கரையில் இருக்கிறது. உலகிலேயே பெரிய ஓதம் அந்த விரிகுடாவில்தான், உள்கோடியில் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். செயின்ட் ஜானில் சுமார் 8 மீட்டர், ஏறக்குறைய மூன்று தள உயரம். கரை அப்படியே நிற்க, கப்பல் மட்டும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்போது அவ்வளவு உயரம் ஏறியோ இறங்கியோ விடுகிறது. நாங்கள் காலையில் இறங்கும்போது கேங்வே கிட்டத்தட்டச் சமதளமாக இருந்தது. நாலு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் கப்பல் எங்கள் தலைக்கு மேல் உயர்ந்து நின்றது. அதே பாலம் கூரை போலச் சாய்ந்திருந்தது. வாசலில் நின்ற மாலுமி மணியைப் பார்த்துவிட்டு, “இன்னும் அரை மணி நேரத்தில் கீழ்த் தளக் கதவுக்கு மாற்றிவிடுவோம், காத்திருங்கள்” என்றார். காத்திருந்தோம். மாற்றிய பிறகு ஏறியது ஒன்றுமே தெரியவில்லை.

அந்த அரை மணி நேரக் காத்திருப்பில் கற்றதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு துறைமுகத்திலும் முந்தின இரவே வரவேற்பு மேசையில், “நாளை கேங்வே எந்தத் தளத்தில், எப்போது மாற்றுவீர்கள், எந்த நேரம் சாய்வு குறைவு” என்று கேளுங்கள். அவர்களிடம் ஓத அட்டவணை இருக்கும், சொல்லிவிடுவார்கள். இறங்கும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் அதை வைத்து முடிவு செய்யுங்கள். சாய்வு அதிகமாக இருக்கும்போது நாற்காலியை முன்பக்கமாக இறக்காதீர்கள். நாற்காலியைத் திருப்பி, தள்ளுகிறவர் கீழ்ப்பக்கம் இருந்து, பின்னோக்கி மெல்ல இறக்க வேண்டும். மாலுமிகளுக்கு இது பழக்கம், இரண்டு பேர் வந்து செய்துவிடுவார்கள். கேட்டால் போதும்.

பார் ஹார்பர் இன்னும் கடினம். பெரிய கப்பல்கள் அங்கே கரையோடு ஒட்டுவதில்லை, கடலில் நங்கூரமிட்டு டெண்டர் என்கிற சிறு படகில்தான் ஆட்களைக் கரைக்கு அனுப்புகிறார்கள். கப்பலின் அடியில் நீர்மட்டத்தில் ஒரு மேடை, அதற்கு எதிரே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் படகு. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் நொடியில் கால் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாலுமிகள் தோளைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் ஆளைத் தூக்கி வைக்க மாட்டார்கள். அந்த ஓர் அடியைத் தானாக எடுத்து வைக்க முடியாதவரைப் பல நிறுவனங்கள் ஏற்றவே மாட்டார்கள், அன்று அலை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துக் கப்பல் தலைவர்தான் முடிவு செய்வார். சில கப்பல்களில் நாற்காலியோடு ஏற்றும் லிஃப்ட் வைத்த டெண்டர் உண்டு. உங்கள் கப்பலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கரைப் பக்கத்தையும் மறக்காதீர்கள். அங்கே ஓதம் 3 மீட்டர் அளவு, தண்ணீர் வற்றிய நேரத்தில் படகுத் துறையிலிருந்து மேலே போகும் சாய்தளம் செங்குத்தாகிவிடும்.

கரையேற முடிந்தால் அகேடியா தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஐலண்ட் எக்ஸ்புளோரர் என்ற இலவசப் பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏறும், அக்டோபர் இரண்டாம் வாரம் வரை ஓடும். முடியாவிட்டால் அன்று அக்கா கப்பலிலேயே இருக்கட்டும். எல்லோரும் கரைக்குப் போன பிறகு காலியான மேல்தளத்தில், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து அந்த மலைகளைப் பார்ப்பது மோசமான நாள் இல்லை. வழி தேர்ந்தெடுக்கும்போது டெண்டர் துறைமுகம் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள். நியூபோர்ட்டிலும் டெண்டர்தான்.

மற்றத் துறைமுகங்களில் ஹாலிஃபாக்ஸ்தான் உங்கள் அக்காவுக்கு ஏற்றது. இறங்கினால் நேராகக் கடற்கரைப் பலகைப் பாதை, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் சமதளமாகப் போகும், நடுவே நடுவே பெஞ்சு இருக்கும். பழைய குடியேற்றத் துறையான பியர் 21இல் இருக்கும் அருங்காட்சியகம் பக்கத்திலேயே. பெகிஸ் கோவ் கலங்கரை விளக்கம் முன்பெல்லாம் பாறைமேல் ஏறினால்தான் பார்க்க முடியும். 2021 அக்டோபரில் சக்கர நாற்காலி போகக்கூடிய பெரிய மேடை ஒன்று திறந்தார்கள், இப்போது அதிலிருந்தே நன்றாகத் தெரியும். சார்லட்டவுனும் அனேகமாகச் சமதளம். போர்ட்லாந்தின் பழைய துறைப் பகுதி செங்கல்லும் கருங்கல்லும் பதித்த தெரு. கியூபெக்கில் கீழ் நகரம், மேல் நகரம் என்று இரண்டு மட்டம். நடுவே 1879இல் தொடங்கிய ஃபியூனிகுலர் என்ற மலை லிஃப்ட் இருக்கிறது, அது பராமரிப்புக்காக மூடியிருந்தால் டாக்ஸியில் மேலே போய்விடுங்கள், படிகளைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கல் பதித்த தெருவில் நனைந்த இலை ஒட்டிக்கிடந்தால் வாக்கரின் ரப்பர் நுனிகூட வழுக்கும். இலையுதிர்காலத்தில் மழை பெய்த மறுநாள் அக்கா நாற்காலியில் இருப்பதே பாதுகாப்பு.

கரைச் சுற்றுலாக்களில் “எளிது” என்று போட்டிருந்தால் நடை குறைவு என்று மட்டும்தான் பொருள். பஸ்ஸில் ஏற மூன்று நான்கு உயரமான படி இருக்கும். “நாற்காலியை மடித்து வைக்கலாம்” என்றால் அக்கா படி ஏற வேண்டும் என்று அர்த்தம். லிஃப்ட் வைத்த வண்டி வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள், சின்ன ஊர்களில் அப்படி ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால் பல வாரம் முன்னாலேயே.

எந்தத் திசையில் போவது என்பதும் முக்கியம். நிறம் வடக்கிலிருந்து தெற்கே வரும். கியூபெக் பக்கம் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் முதல் பாதி வரை, நியூ இங்கிலாந்துக் கடற்கரையில் (பாஸ்டன் இருக்கும் அமெரிக்க வடகிழக்குப் பகுதி) அக்டோபர் நடுவிலும் அதற்குப் பிறகும். அக்டோபர் தொடக்கத்தில் போவதாக இருந்தால் கியூபெக்கில் ஏறிப் பாஸ்டனில் இறங்குவது நல்லது, நிறத்தோடு சேர்ந்தே இறங்கி வரலாம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மலைகள் வடகரையில் இருக்கின்றன. கியூபெக்கிலிருந்து கடல் நோக்கிப் போகும்போது அவை இடப்பக்கம், எதிர்த்திசையில் வந்தால் வலப்பக்கம். பால்கனி கேபின் எடுப்பதானால் அதைப் பார்த்து எடுங்கள். அந்தப் பகுதியை இரவில் கடந்துவிடும் கப்பல்களும் நிறைய. அதனால் பயண நிரலில் சாகுனே ஃபியார்டு (மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த நீண்ட பள்ளத்தாக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் 300 மீட்டருக்கு மேல் எழும் பாறைச் சுவர்கள், அவற்றின் மேல் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள், முகத்துவாரத்தில் சில சமயம் வெள்ளைத் திமிங்கலங்கள். அங்கே யாரும் எங்கேயும் நடக்க வேண்டியதில்லை, காட்சியே கப்பலைத் தேடி வருகிறது. என் வீட்டுக்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு தடவை என் கையைத் தட்டி ஒரு மரத்தைக் காட்டினார், அவ்வளவுதான் பேச்சு.

வானிலை. அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். வெயில் குறைந்த பிறகும் கடல் சூட்டை விடாமல் வைத்திருப்பதால்தான் இலையுதிர்காலத்தில் புயல். 2022 செப்டம்பர் 24 அன்று ஃபியோனா என்ற புயல் ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தையே தாக்கியது. கப்பல் புயலுக்குள் போகாது, விலகிப் போகும், ஒரு துறைமுகத்தை விட்டு வேறொன்றுக்குப் போகும். உங்களுக்கு அதன் பொருள், நீங்கள் கேங்வே விசாரித்து வைத்த ஊருக்குப் பதிலாக டெண்டர் ஊர் வரலாம் என்பது. அக்டோபரில் போனால் அந்த ஆபத்து கொஞ்சம் குறைவு, குளிர் கொஞ்சம் அதிகம். ஹாலிஃபாக்ஸ் பக்கம் பகலில் 10 முதல் 15 டிகிரி இருக்கும், காற்றில் அது இன்னும் குறைவாகத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு உடம்பு அசையாததால் தள்ளுகிறவரைவிடச் சீக்கிரம் குளிரும். நமக்கு வியர்க்கும்போது அவர்கள் நடுங்கிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் “ஒன்றுமில்லை” என்பார்கள். அக்காவின் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். நல்ல கையுறை, மடிக்கு ஒரு தண்ணீர் ஒட்டாத போர்வை, காலுக்கு இரட்டைக் காலுறை. மூட்டு இறுகினால் காலையில் கிளம்ப நேரமாகும், காலைச் சுற்றுலாக்களை விட்டுப் பதினோரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் கியூபெக்கில் மாலை ஆறு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கப்பல் ஆட்டத்துக்கு மாத்திரை தருவதற்கு முன் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். பலவற்றில் தூக்கக் கலக்கம் வரும், தள்ளாடினால் விழுவார். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை வயதானவர்களுக்குச் சில சமயம் குழப்பத்தையே உண்டாக்கும், கண்ணழுத்த நோய் இருந்தால் ஆகாது. மருந்துகள் பத்து நாளுக்குப் பதிலாகப் பதினைந்து நாளுக்கு, எல்லாம் கைப்பையில். ஊசி மருந்து இருந்தால் கேபின் குளிர்பெட்டியை நம்பாமல் மருந்துக்கான குளிர்பெட்டி கேளுங்கள். பயணக் காப்பீடு ஏற்கெனவே உள்ள நோயையும், கப்பலிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவையும் சேர்த்ததாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஏறிய நாளன்றே பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். அவசரத்தில் லிஃப்ட் வேலை செய்யாது என்பதால், உதவி தேவைப்படுகிறவர்களின் பட்டியலில் அக்காவின் பெயரும் கேபின் எண்ணும் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டு, யார் வந்து அழைத்துப் போவார்கள், படியில் இறக்கும் நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அக்காவும் அதைக் கேட்கட்டும். கேட்டுவிட்டால் இரவு பயமில்லாமல் தூங்குவார்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து நாளும் தள்ளி, தூக்கி, காத்திருந்து, சிரித்த முகமாகவே இருக்க யாராலும் முடியாது. நடுவில் ஒரு துறைமுக நாள் அக்கா கப்பலில் இருக்கட்டும், நீங்கள் தனியாக இறங்கி வேகமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். இதைக் கிளம்புவதற்கு முன்பே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள், அன்று திடீரென்று சொன்னால் தான் பாரமாகிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றும். லிஃப்டைப் பொறுத்தவரை, நாடகம் முடிந்த உடனே போகாதீர்கள், கூட்டம் அடைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து கடைசியாகப் போனால் முழு லிஃப்டும் உங்களுக்குத்தான்.

கடைசி இரவு பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் அவை முனையத்தில்தான் கைக்கு வரும். அவசரத்தில் அக்காவின் மறுநாள் செருப்பு, மருந்து, வாக்கரின் மாற்று ரப்பர் நுனி எல்லாம் உள்ளே போய்விடும். எங்களுக்கு ஒரு தடவை என் வீட்டுக்காரருடைய கணுக்கால் பட்டை அப்படிப் போய்விட்டது. காலில் அது இல்லாமலேயே அவர் இறங்க வேண்டியதாயிற்று. அதனால் முந்தின மாலையே அக்காவின் பொருள்களை ஒரு பையில் எடுத்து, நாற்காலியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, அதற்கப்புறம் பெட்டியை மூடுங்கள். இறங்கும்போது உதவி வேண்டும் என்று முந்தின நாளே பெயர் கொடுத்துவிடுங்கள். கொடுத்தவர்களைத் தனி இடத்தில் உட்கார வைத்து, வரிசையில் நிற்க விடாமல் அழைத்துப் போவார்கள்.